பானைக்கு முன்னால் அடுப்பு: பியர் காய்ச்ச ஸ்டெயின்லெஸ் பானை தேடும் தம்பிக்கு

மெல்பேணில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்த ஊர் திருகோணமலைப் பக்கத்து உப்புவெளி, மெல்பேணில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். இதுவரை மோல்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு டின் வாங்கிக் கரைத்து வீட்டிலேயே பியர் செய்தவர், இனிப் பார்லி மோல்ட்டை ஊறவைத்து முதலிலிருந்தே காய்ச்சப் போகிறாராம். ஒரு தடவைக்கு 23 லீற்றர். மார்கழியில் ஊருக்கு வரும்போது திருகோணமலையிலேயே 50 லீற்றர் ஸ்டெயின்லெஸ் பானை ஒன்று செய்வித்துக்கொண்டு போகலாமா, ஸ்டெயின்லெஸ்ஸில் 304 வகைத் தகடு நல்லதா 316 வகை நல்லதா, வால்வை எங்கே வைப்பது, வெப்பமானி வேண்டுமா என்று நீண்ட கேள்வி. வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுக்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். அவுஸ்திரேலியாவில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அதை வடித்துச் சாராயமாக்குவது உரிமம் இல்லாமல் அங்கேயும் குற்றம். இங்கே இலங்கையில் சட்டம் வேறு. மதுவரிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவும் செய்ய முடியாது. ஆகவே பானையை ஊரில் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் கொதிக்கவைத்துப் பாருங்கள், அல்லது அம்மாவிடம் கொடுத்துப் பொங்கல் வையுங்கள். ஊரில் ஒரு தடவை காய்ச்சிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

நான் வளைகுடா நாடொன்றில் பால் பதனிடும் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் ஸ்டெயின்லெஸ் குழாய் வெல்டிங் செய்து ஒட்டியவன். இப்போது இங்கே சின்னப் பட்டறை. கோயில் அன்னதானக் கிடாரம், ஹோட்டல் குசினி மேசை, படகுக்கு வேண்டிய கைப்பிடிக் கம்பி என்று வருகிற வேலை எல்லாம் செய்கிறேன். பால் தொழிற்சாலைக்கும் பியர்ப் பானைக்கும் உருக்கு விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பியர் பக்கத்துக் கணக்கை, வெளிநாட்டில் இருக்கும் இரண்டு மூன்று பொடியன்களுக்குப் பானை ஒழுங்குசெய்து கொடுத்தபோது அவர்களோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் படித்தேன்.

சரி, அடுப்பு. பியர் காய்ச்சுவதில் அதிக வெப்பம் தின்பது இரண்டு இடங்கள். ஒன்று, அத்தனை தண்ணீரையும் சூடாக்குவது. மற்றது, ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுவது. மனிதர்கள் முதலாவதை மட்டும் நினைப்பார்கள். 30 லீற்றரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2.6 கிலோவாட் மணி சக்தி தேவை. அவுஸ்திரேலியாவில் சாதாரணச் சுவர் பிளக்கில் 10 அம்பியர்தான் எடுக்கலாம், அதாவது 2.3 அல்லது 2.4 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. 2 கிலோவாட் இண்டக்‌ஷனில் பானைக்குள் உண்மையாகப் போவது 1.7 என்று வைத்தால், அந்தத் தண்ணீர் கொதிக்க ஒன்றரை மணி நேரம். பொறுமை இருந்தால் அதைக்கூடத் தாங்கலாம்.

கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் சிக்கல். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும். பானை திறந்திருக்க, மணிக்கு மூன்றரை லீற்றர் ஆவியாகும்படி துள்ளிக் கொதிக்க 2.2 கிலோவாட் பானைக்குள்ளே போக வேண்டும், பானையின் சுவர் வழியாக வீணாகும் சூடு வேறு. உங்களிடம் போவது 1.7. ஆக 50 லீற்றர் பானையில் 30 லீற்றர் வோர்ட், அதாவது மோல்ட் ஊறிய சர்க்கரைத் தண்ணீர், ஓரத்தில் கொஞ்சம் குமிழிவிடும், நடுவில் தூங்கும். பெரிய பானையின் வாய் அகலம் என்பதால் சூடு இன்னும் வேகமாகப் போகும். மூடி போட்டால் கொதிக்கும் என்பீர்கள். பார்லி மோல்ட்டில் இருக்கும் ஒரு சேர்மம் சூட்டில் உடைந்து டைமெதில் சல்ஃபைட் என்ற ஒன்றைத் தருகிறது. அது ஆவியோடு வெளியே போக வேண்டும். முழுக்க மூடிவிட்டால் ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும், முடிவில் பியரில் அவித்த சோள மணம் வரும். மெல்லிய நிறப் பில்ஸ்னர் மோல்ட்டில் இது அதிகம். அதற்குத்தான் பலர் 90 நிமிஷம் கொதிக்கவிடுகிறார்கள். அரைவாசி மூடி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அது சமாளிப்புத்தான்.

குசினியில் பதித்த இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பெரிய வளையம் மூன்று கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கக்கூடும். ஆனால் அந்த உச்ச வேகம் பல அடுப்புகளில் சில நிமிஷத்துக்குத்தான், பிறகு தானாகக் குறைந்துவிடும். கையேட்டில் அதைப் பாருங்கள். கூடவே கண்ணாடி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையும் பாருங்கள். 30 லீற்றர் வோர்ட், மோல்ட், பானை எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவுக்குக் கிட்டவரும். கண்ணாடியின் மேல் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைப்பதற்குச் சமம். இடையில் உடைந்தால் கொதிக்கும் சர்க்கரைத் தண்ணீர் குசினி முழுக்க ஓடும்.

ஆகவே என் கருத்து இதுதான்: இண்டக்‌ஷனை விட்டு மாறுவதாக இல்லையென்றால் 23 லீற்றரை மறந்துவிட்டு, ஒரு தடவைக்கு 11 லீற்றர் காய்ச்சுங்கள். காஸ் அடுப்பு வைக்கத் திறந்த முற்றம் உள்ள நண்பர் வீடு இருந்தால் மட்டும் 50 லீற்றர் பற்றி யோசியுங்கள். அந்தப் பெரிய காஸ் அடுப்பை அடுக்குமாடி வீட்டுக்குள்ளோ மூடிய பல்கனியிலோ பற்றவைக்கக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

இப்போது அளவு. பானை எத்தனை லீற்றர் என்பதை பியர் எத்தனை லீற்றர் என்பதிலிருந்து பின்னோக்கிப் போய்க் கணக்கிட வேண்டும். உங்கள் 23 லீற்றரையே எடுப்போம். அடியில் தங்கும் மண்டிக்கு 2, ஆவிக்கு 3.5, சூடு ஆறும்போது சுருங்குவதற்கு ஒன்று. கொதிக்கத் தொடங்கும்போது 29.5 லீற்றர் இருக்க வேண்டும். நீங்கள் துணிப்பையில் மோல்ட்டைக் கட்டி அதே பானையில் ஊறவைக்கும் பை முறையில் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 5 கிலோ மோல்ட் கிலோவுக்கு 600 மில்லி வீதம் 3 லீற்றரைக் குடித்துக்கொள்ளும், எனவே ஊற்ற வேண்டியது 32.5. அந்தத் தண்ணீருக்குள் மோல்ட் இறங்கும்போது அது தன் பங்குக்கு 3.3 லீற்றர் இடம் பிடிக்கும். கிட்டத்தட்ட 36 லீற்றர் ஆயிற்று. 40 லீற்றர் பானையில் கிண்டினால் விளிம்பால் வழியும், 45 முதல் 50 வசதி. உங்கள் 50 என்ற எண்ணில் பிழையில்லை, அடுப்புத்தான் அதற்குப் பொருந்தவில்லை.

அதே கணக்கை 11 லீற்றருக்குப் போட்டால் மோல்ட் இரண்டரைக் கிலோ, மொத்தம் 18 லீற்றருக்குச் சற்று மேல். 20 லீற்றர் பானை இறுக்கமாக இருக்கும், 23 அல்லது 24 லீற்றர் என்றால் நிம்மதி. 2 கிலோவாட் அடுப்பில் 16.5 லீற்றரை 20 பாகையிலிருந்து 70க்குக் கொண்டுவர 35 நிமிஷம், பையை எடுத்தபின் மிச்சத்தைக் கொதிக்கவைக்க இன்னும் 20 நிமிஷம். நன்றாகத் துள்ளியும் கொதிக்கும். (எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் சுமார் 40 பாகையில் தண்ணீர் வருகிறது, அதில் தொடங்கினால் 70 பாகைக்கு ஏற்றும் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம் என்று ஒரு பொடியன் பகிடி விட்டான். கணக்குச் சரிதான், கோயில் ஆட்கள்தான் அடிப்பார்கள்.)

மேலே இடம் விடுவது வீண் என்று நினைக்காதீர்கள். வோர்ட் முதன்முதலில் கொதிக்கும் அந்த இரண்டு மூன்று நிமிஷம் பால் பொங்குவது போலவே பொங்கும், அதிலுள்ள புரதம் நுரையாகி எழும். கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹொப்ஸ் பூவைப் போடும்போது மறுபடியும் எழும். பொங்கல் பானையில் பால் வழிந்தால் நல்ல சகுனம். இங்கே வழிந்தால் கண்ணாடி அடுப்பில் கரிந்த சர்க்கரை, அதைச் சுரண்ட உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

வடிவத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. உயரமும் விட்டமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் போதும். 40 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. உயரமும் சரியாக 50 லீற்றர். 30க்கு 33 என்றால் 23 லீற்றர். பிரியாணிச் சட்டி போல அகலமானவை பியருக்கு வேண்டாம், ஆவி கட்டுக்கடங்காமல் போகும். உயரம் கூடினால் பையைத் தூக்குவது கஷ்டம். உள்ளே அளவுக் கோடு பொறித்த பானைக்குக் கூடப் பணம் கொடுக்க வேண்டாம். 30 செ.மீ. விட்டத்தில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 707 மில்லி, 40 செ.மீ. விட்டத்தில் ஒன்றேகால் லீற்றர். அகப்பைக் காம்பில் கத்தியால் கோடு கீறிக்கொண்டால் ஆயுசுக்கும் போதும்.

அடித்தட்டுக்கு வருவோம். நீங்கள் 304, 316 என்று தலையை உடைத்துக்கொள்கிறீர்கள், ஆனால் இண்டக்‌ஷனில் 304 தனித்தகடும் 316 தனித்தகடும் இரண்டுமே வேலை செய்யாது. இண்டக்‌ஷனுக்குக் காந்தம் ஒட்டும் அடி வேண்டும். கடையில் விற்கும் நல்ல பானைகளில் உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் 430 வகை என மூன்று அடுக்கு அழுத்தி ஒட்டியிருக்கும். நடு அலுமினியம்தான் சூட்டைப் பரப்புகிறது. ஸ்டெயின்லெஸ் சூடு கடத்துவதில் படு சோம்பேறி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட வராது. தனித்தகட்டு அடியில் நெருப்புப் படும் இடம் மட்டும் கொதிக்கும், சர்க்கரை அந்த இடத்தில் அடிப்பிடிக்கும். காஸில் காய்ச்சும் ஆட்கள்கூட மோல்ட் சாறு ஊற்றும்போது நெருப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கரைப்பது இதனால்தான். அடிப்பிடித்த பாயாசத்தை என்ன செய்தும் காப்பாற்ற முடியாதது போலத்தான் இதுவும்.

அந்த மூன்று அடுக்கு அடியை எங்கள் ஊர்ப் பட்டறை எதிலும் செய்ய முடியாது. பெரிய அழுத்த இயந்திரம் வேண்டும். நான் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அடியில் இரும்புத் தகடு ஒன்றை ஒட்டித் தரப்போகிறார் என்று அர்த்தம். இடைவெளிக்குள் காற்று நிற்கும், இரும்பு துருப்பிடிக்கும், சூட்டில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக விரிந்து வளையும். ஆகவே இண்டக்‌ஷன் என்றால் பானையை அங்கேயே கடையில் வாங்குங்கள். வாங்கும்போது கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோய் அடியில் வையுங்கள். அடி முழுக்க நன்றாகப் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு வட்டம் மட்டும் பிடித்தால் போதாது. அடியின் விட்டம் அடுப்பின் வளையத்துக்குப் பொருந்துகிறதா என்பதும் முக்கியம்.

இனி உருக்கு. 304 என்றால் ஏறத்தாழ 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல், அதைத்தான் 18/8 என்று அடியில் குத்துகிறார்கள். 316இல் கூடவே 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருக்கும், உப்புக்கு அதிகம் தாங்கும். பியர் வோர்ட் லேசான அமிலம், உப்புக் கிடையாது. 304 தாராளமாகப் போதும். கடலுக்குள் இறங்கும் படகுச் சாமானுக்கு 316 போடுங்கள் என்று நானே வற்புறுத்துவேன், பானைக்கு அது காசைக் கரைப்பது.

பயப்பட வேண்டியது 201 என்ற வகைக்கு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்து மலிவாக்கியது. புதிதாக இருக்கும்போது 304 போலவே பளபளக்கும், எடையும் அதே எடை. காந்தச் சோதனையும் உதவாது, இரண்டிலும் காந்தம் பிடிக்காது. 304ஐ வளைத்து இழுத்த மூலையில் லேசாகப் பிடிக்கும், அதைக் கண்டு போலி என்று சண்டை போடவும் கூடாது.

எனக்கே நடந்தது. வளைகுடாவிலிருந்து வந்த புதிதில் ஒரு கடையில் 304 என்று சொல்லித் தந்த தகட்டை நம்பி, கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு மாடிக் கைப்பிடி அடித்தேன். வாடைக்காற்று ஒரு பருவம் அடித்தது. தைமாதம் போய்ப் பார்த்தால் முழுக்கப் பழுப்புப் புள்ளி, சில இடத்தில் ஊசி குத்தியது போல் குழி. எங்கள் ஊரில் கடற்காற்று 304இலேயே தேயிலைச் சாயம் போல ஒரு கறையைக் கொண்டுவரும், தேய்த்தால் போய்விடும். இது தேய்த்தும் போகாத குழி. முழுவதையும் கழற்றி என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தகட்டின் ஆலைச் சான்றிதழைக் கேட்காமல் வாங்குவதில்லை. மாங்கனீசைக் காட்டித் தரும் சோதனைத் திரவம் ஒன்று விற்கிறார்கள், ஒரு துளி விட்டு 9 வோல்ட் பற்றரி வைத்தால் 201 என்றால் நிறம் மாறும். அது ஒரு போத்தல் எப்போதும் பட்டறையில் இருக்கிறது. பானைக்கும் இதே கதைதான். எந்த வகை என்று எங்கேயும் எழுதாமல் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டு, விலை சந்தேகமாகக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அலுமினியம் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கூடும். சூடு நன்றாகக் கடத்தும், விலையும் மலிவு. ஆனால் காரமான கழுவும் பொடி பட்டால் கறுத்துவிடும், அப்புறம் உங்கள் இண்டக்‌ஷனுக்கு அதுவும் ஆகாது.

காஸ் அடுப்புள்ள நண்பர் கிடைத்துவிட்டார், ஊரிலிருந்துதான் பானை என்று முடிவெடுத்தால் என்ன செய்வது? அப்போதும் தகடு வாங்கிப் பானை செய்விக்க வேண்டாம் என்பேன். என் பட்டறை வருமானத்துக்கு எதிராக நானே பேசுகிறேன். தகட்டை உருட்டிச் செய்யும் பானையில் சுவருக்கும் அடிக்கும் நடுவே மூலையில் ஒட்டு வரும். அந்த மூலையில்தான் மண்டி தங்கும், அங்கேதான் தேய்க்கக் கை எட்டாது. ஒட்டும் சூட்டில் மெல்லிய அடி வளைந்து, அடுப்பில் வைத்தால் ஆடும். ஒட்டின் உள்பக்கத்துக்கு ஆர்கன் வாயு கொடுக்காமல் ஒட்டினால் உள்ளே கரிந்த சீனி போலக் கறுப்பாகச் சொரசொரத்துப் பூக்கும். வெல்டர்கள் அதைச் சீனி பூத்தது என்றே சொல்வோம். அதன் பொந்துகளுக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளும், அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கும். மார்கழியில் வருகிறீர்கள், மழையும் காற்றும். திறந்த பட்டறையில் ஆர்கன் வெல்டிங்குக்குக் காற்றுப் பகை, வாயுவை ஊதித் தள்ளிவிடும்.

ஒரே தகட்டை அச்சில் அழுத்தி இழுத்து, மூலை வட்டமாக, ஒட்டே இல்லாமல் வரும் ஆயத்தப் பானையை ஹோட்டல் சாமான் கடையில் வாங்குங்கள். சுவர் ஒரு மி.மீ. தடிப்பாவது இருக்கட்டும். கைப்பிடியைக் கட்டாயம் இழுத்துப் பாருங்கள். ஆணி அடித்த கைப்பிடி என்றால் உள்ளே ஆணித்தலையைச் சுற்றி அழுக்குச் சேரும், சில வேளை ஒழுகும், புள்ளி ஒட்டுப் போட்டது துப்புரவு. எந்தக் கைப்பிடியானாலும் கொதிக்கும் 30 லீற்றரைத் தூக்க அதை நம்பாதீர்கள். கிடாரத்தை இரண்டு பேர் தடி போட்டுத் தூக்குவது எங்கள் ஊரில் சாதாரணம், அதில் கால் வெந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

தூக்காமல் இருக்கத்தான் வால்வு. 11 லீற்றர்க் காரருக்கு வால்வே வேண்டாம், ஆறியபின் உறிஞ்சு குழாயால் இறக்கலாம். பெரிய பானைக்கு அவசியம். அரை அங்குல உருண்டை வால்வு (ball valve), மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதாக வாங்குங்கள். கழற்ற முடியாத வால்வில் உருண்டைக்குப் பின்னால் பழைய வோர்ட் தங்கி நாறும். இரும்புக்கடையில் பளபளக்கும் பல வால்வுகள் குரோம் பூசிய பித்தளை, பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம். உடலில் 304 அல்லது 316 என்று பொறித்ததைக் கேளுங்கள்.

புரியில் ஒரு கண்ணி இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலும் இங்கேயும் குழாய்ப் புரி பி.எஸ்.பி. என்ற பிரித்தானிய வகை. அமெரிக்கக் கடையில் இணையத்தில் வாங்கினால் என்.பி.டி. என்ற அமெரிக்க வகை வரும். அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான், அதனால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60, அமெரிக்கனது கூம்பாகவும் போகும். இறுக்கினால் பிடித்தது போல இருந்துவிட்டு, கொதிக்கும்போது ஒழுகும். எல்லாத் துண்டையும் ஒரே வகையில் வாங்குங்கள்.

வால்வை ஒட்டுவதா, நட்டும் வோசரும் போட்டு இறுக்குவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒட்டுக்காரன், ஆனாலும் இறுக்குவதையே சொல்வேன். இங்கே இருப்பது கொதிக்கும் பக்கம், பியரைக் கெடுக்கும் கிருமி ஒரு மணி நேரக் கொதியில் தப்பாது. உணவுத்தர சிலிக்கன் வோசர் ஒன்று போட்டு இறுக்கினால் வருஷக்கணக்கில் நிற்கும், வேண்டும்போது கழற்றிக் கழுவலாம். துளை 22 மி.மீ., அதன் மையம் அடியிலிருந்து 4 செ.மீ. வோசர் வட்ட மூலையில் ஏறாமல் தட்டையான சுவரில் இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த உயரம். உள்ளே ஒரு வளைகுழாயை அடி நோக்கி வைத்தால் மிச்சமும் வரும். அதன் வாய் நடுவில் வேண்டாம், சுவரோரம் இருக்கட்டும். கொதித்து முடிந்ததும் அகப்பையால் ஒரே திசையில் சுழற்றிவிட்டால் மண்டி நடுவில் குவியும், தேநீர்க் கோப்பையில் தூள் குவிவது போல.

துளையை நீங்களே போடப் போகிறீர்கள் என்றால் படிப்படியாக அகலும் துளைமுனை, மெதுவான வேகம், நல்ல அழுத்தம், எண்ணெய். வேகமாகச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இன்னும் இறுகிவிடும், பிறகு முனைதான் தேயும். பிசிரை அரத்தால் எடுங்கள், வோசர் கிழியாமல் இருக்க.

வெப்பமானிக்கு இன்னொரு துளை? வேண்டாம். முகப்பு வெப்பமானி சுவரோரத்துச் சூட்டைக் காட்டும், காஸ் நெருப்பு பக்கத்தால் ஏறினால் அதையும் சேர்த்துக் காட்டும். கையில் பிடிக்கும் டிஜிட்டல் ஒன்று போதும். பார்வைக் கண்ணாடிக் குழாய், வடிகட்டித் தட்டு, உட்சுழற்சிக் குழாய் என்று படத்தில் பார்ப்பதெல்லாம் அழகு. பானையில் ஒவ்வொரு துளையும் ஒவ்வோர் ஒழுக்கு. அந்தக் காசைக் குளிர்விக்கும் செப்புச் சுருளில் போடுங்கள், பியருக்கு நன்மை அதில்தான்.

புதுப் பானையை அப்படியே அடுப்பில் வைக்கக் கூடாது. ஆலை எண்ணெயும் மெருகுப் பசையும் ஒட்டியிருக்கும். கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி சாம்பல் நிறமாகாத வரைக்கும் கழுவுங்கள். பிறகு லீற்றருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து 60 பாகையில் இருபது நிமிஷம் வைத்தால், மேலே ஒட்டிய இரும்புத் துகள் கரைந்து குரோமியப் படலம் சுத்தமாகப் பிடிக்கும். துளையிட்ட இடத்துக்கு இது கட்டாயம். பட்டறையில் ஒட்டு நிறத்தை எடுக்கப் பூசும் பசை வேறு, அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், வீட்டில் தொட வேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டே இரண்டு விலக்கு: இரும்புக் கம்பிப் பஞ்சு, குளோரின் வெளுப்பான். கம்பிப் பஞ்சின் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பானை துருப்பிடித்தது என்று ஆட்கள் என்னிடம் கொண்டுவருவதில் பாதி இதுதான். வெளுப்பானை ஊற்றி இரவு முழுக்க விட்டால் 304இலும் குழி விழும். கரிந்ததற்குச் சோடியம் பெர்கார்பனேட் பொடி, சுடுதண்ணீர், ஓர் இரவு. வானவில் நிறம் வந்தால் பயப்பட வேண்டாம், அது சூட்டில் தடித்த படலம், சுவைக்கு ஒன்றும் செய்யாது.

விமானத்தில் கொண்டுபோவது பற்றி: 50 லீற்றர் பானை மூடியோடு ஏழு, எட்டுக் கிலோ வரும். உள்ளே உடுப்பை அடுக்கினால் இடம் வீணாகாது. பாவித்த பானையானால் ஒரு மணி தானியம்கூட ஒட்டியிருக்கக் கூடாது, அங்கே விமான நிலையத்தில் உணவு, தானிய விஷயத்தில் கடுமை. வால்வைக் கழற்றிச் சாக்ஸுக்குள் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் இறக்கத்திலேயே துளையோரம் நெளிந்துவிடும்.

அடுப்பின் கையேட்டில் மூன்று எண்களைப் பார்த்து எழுதுங்கள்: பெரிய வளையத்தின் விட்டம், தொடர்ந்து தரும் வாட், தாங்கும் பாரம். அவை வந்தால் அங்கே எத்தனை செ.மீ. அடியுள்ள பானை கேட்பது என்று சொல்கிறேன். முற்றமுள்ள நண்பர் கிடைத்தால் அதையும் எழுதுங்கள், மழை விடும் நாள் பார்த்துத் துளையை நானே போட்டுத் தருகிறேன்.